வரப்பில் முளைத்த பச்சிலை

மருமகள் என் விரல் காயத்தில் தடவிய மூலிகைக் களிம்பில் வெட்டுக்காயப் பூண்டின் வாசம் லேசாக வந்ததும், இப்போது வீட்டுமனையாகிவிட்ட எங்கள் ஊர்ப் பெரிய வரப்பும், அதன் ஓரமெல்லாம் தலையாட்டிய சின்னப் பூக்களும், முற்றிய நெல் காற்றில் உரசும் ஓசையும் கனவுபோல விரிந்தன.

கூலி உயர்த்தக் கேட்டு எங்கள் சனம் அறுப்புக்கு இறங்காமல் செங்கொடியோடு வரப்பில் உட்கார்ந்திருந்த வருஷம் அது. பண்ணையார் வெளியூர்ப் பெண்களை இறக்கிவிட்டார். அவர்களில் ஒருத்தி விரலை அறுத்துக்கொண்டு அலற, என் அம்மா வரப்போரத்து வெட்டுக்காயப் பூண்டைப் பறித்துக் கசக்கியபடியே வயலுக்குள் ஓடினாள்.

"நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட வந்தவளுக்கா வைத்தியம்?" என்று அத்தை கத்தினாள்.

"கத்துங்க மதினி, கட்டிட்டு வந்து கேட்டுக்கறேன்."

சாறு சொட்டச் சொட்ட ரத்தம் அடங்கியது.

"இலை காயறவரைக்கும் அருவா தொடக்கூடாது, தாயி. எங்க ஊரு முறை" என்றாள் அம்மா.

"நான் மட்டும் உக்காந்தா பண்ணையில ஏசுவாங்களே, அக்கா!"

அவளோடு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

அத்தை முணுமுணுத்துக்கொண்டே எங்கள் கஞ்சிக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள்.