கடைசி ரீலில் அவள் சொன்னது

கதாநாயகன் பயந்து நான் பார்த்தது ஒரே ஒரு படத்தில்தான். அதையும் முழுதாகப் பார்க்க விடவில்லை.

அறுபதுகளின் கடைசியில், கானாடுகாத்தானுக்குப் போகிற சாலையோரம் அறுவடை முடிந்த வயலில் போட்டிருந்த டூரிங் கொட்டகையில் ஆபரேட்டருக்குக் கையாளாக இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கும்பகோணத்தில் ஓட்டல், திருச்சியில் லாரி ஆபீஸ் என்று சுற்றி அங்கே வந்து சேர்ந்திருந்தேன். வயது இருபத்துநாலு. இரண்டு வேளைச் சாப்பாடு, மிஷின் மேடைக்குக் கீழே படுக்க இடம். பகலில் போஸ்டர் ஒட்ட வேண்டும், சாயங்காலம் எஞ்சினுக்கு டீசல் ஊற்றி ரீல் சுற்ற வேண்டும்.

அந்த ஊர்ப் பெரிய வீடுகளின் சுவர் முட்டைச் சுண்ணாம்பு பூசித் தேய்த்தது. கண்ணாடி மாதிரி இருக்கும். மைதாப் பசை நிற்காது. காலையில் ஒட்டினால் வெயில் ஏறும்போது கதாநாயகன் சுருண்டு வாசற்படியில் கிடப்பான். வீடுகள் பூட்டிக் கிடந்ததால் திட்டவும் ஆளில்லை. அவன் விழுந்து நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

படத்தில் விழமாட்டான். மாதத்தில் மூன்று வாரம் அதே நடிகர்தான் எங்கள் கொட்டகையில். ஒரு வாரம் மாட்டு வியாபாரி, அடுத்த வாரம் கொத்தனார், அதற்கடுத்த வாரம் இளவரசன். கொத்தனாராக இருந்தாலும் கையில் ஒரு கீறல் இருக்காது. மூன்று நாள் பட்டினி என்று வசனம் பேசுவான். நானும் மூன்று நாள் பட்டினி கிடந்திருக்கிறேன். அப்படி நிமிர்ந்து நின்று ஊருக்குப் புத்தி சொல்ல வராது. இரண்டாவது நாளே வாயில் எச்சில் வற்றிவிடும்.

ஆபரேட்டர் சிவகங்கைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரிடம்தான் புலம்புவேன்.

"அண்ணே, இவருக்கு ஒரு நாளாச்சும் வயித்து வலி வந்திருக்குமா?"

"வயித்து வலி பாக்கணும்னா ஆஸ்பத்திரியில போயி உக்காருடா."

"அதுக்கில்லண்ணே. ரெண்டு வருசமா வாரா வாரம் பாக்குறேன். எங்குட்டுத் தாவுவாரு, எங்குட்டு அடிப்பாருன்னு தெரியுது. ஆளு யாருன்னு மட்டும் தெரியல."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? காலையிலேருந்து களையெடுத்துட்டு வந்து மணல்ல உக்கார்ற பொம்பளைக்கு, இவன் செயிச்சிருவான்னு முன்னாடியே தெரியணும். அந்த நிம்மதிக்குத்தாண்டா வர்றாக."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

அப்போதுதான் அந்தப் படப்பெட்டி வந்தது. அதே நடிகர் பெயரெடுப்பதற்கு முன்னால் நடித்த பழைய படம். அவர் பரிசல்காரன். வெள்ளத்தில் பரிசல் கவிழ்கிறது. கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பாறையில் தொங்குகிறான். பயத்தில் கையை விட்டுவிடுகிறான். கரையேறி வந்தவனை, நண்பனைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்துப் போராடியவன் என்று ஊர் நினைத்து மாலை போடுகிறது. அவன் வாயைத் திறக்கவில்லை. செத்தவனின் மனைவிக்கு விறகு பிளந்து போடுகிறான், நெல் கொண்டுவந்து இறக்குகிறான். ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் போகிறான். சொல்லாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வருகிறான்.

நான் தினமும் பசை தடவிய முகம் அது. அதற்குள் இப்படி ஒருத்தன் இருந்தானா என்று சுற்ற வேண்டிய ரீலை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே மிஷின் என்பதால் ரீல் மாற்ற ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை விடுவோம்; கொட்டகையில் முணுமுணுப்பு மூன்றாவது இடைவேளையிலேயே ஆரம்பித்துவிட்டது. கடைசி ரீலில் அவன் அந்தப் பெண்ணின் முற்றத்துக்குப் போய் உட்காருகிறான். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். "கை நழுவல. நான்தான் விட்டேன்" என்கிறான். அவள் புடைப்பதை நிறுத்தவில்லை. அவன் அழுகிறான்.

"எந்திரிச்சு யாரையாச்சும் அடிய்யா!" என்றது ஒரு குரல்.

"எங்க ஆள அழுக வச்சா வேடிக்கை பாக்குறீக?" என்றது இன்னொன்று.

மணலை அள்ளித் திரையில் வீசினார்கள். முறம் நின்றது. அவள் தலையை நிமிர்த்தினாள். அந்த நேரம் பார்த்துக் கொட்டகை முதலாளி மிஷின் மேடையேறி, "அமத்துடா!" என்று கத்தினார். ஆபரேட்டர் விளக்கை அணைத்துவிட்டார்.

அவள் என்ன சொன்னாள்? எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது. வேறொன்றுமில்லை.

மறுநாள் காலையில் முதலாளி வந்தார். சொந்த நிலத்தில் கொட்டகை போட்டு நடத்தியவர், யோசித்து நேரத்தை வீணாக்கமாட்டார். போன வாரப் படப்பெட்டி பஸ்ஸில் ஏறாமல் இன்னும் அங்கேயே கிடந்தது.

"அதுல கடைசி ரீல உருவி இதுல மாட்டு" என்றார்.

"மொதலாளி, அது வேற படம்" என்றேன்.

"ஆளு அதே ஆளுதான?"

"அதுல வில்லனோட சண்டை போடுறாரு. இதுல வில்லனே கெடையாதே. நீங்களும் பாத்தீகல்ல?"

"கெடையாதுன்னுதான மண்ணள்ளி எறியுறாய்ங்க. ஒருத்தனக் குடு."

"சரி மொதலாளி. அந்தக் கடைசி ரீல ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாத்துக்கிர்றேன். அந்தப் பொம்பளை என்ன சொல்லுதுன்னு..."

"டீசல ஊத்தி, மிஷின் வெளக்குக் கரியக் கொளுத்தி, ஒனக்கு மட்டும் தனியாப் படம் காட்டணுமா? நீ என்ன மாப்பிள்ளையா?"

ஆபரேட்டர் சிரித்தார். நானே வெட்டி நானே ஒட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பரிசல்காரன் தாடியும் அழுக்கு வேட்டியுமாக முற்றத்தை நோக்கி நடந்தான். அடுத்த நொடி மழுங்கச் சிரைத்த முகத்தோடு, கோடு போட்ட சட்டையில், வைக்கோல் போர் மேலிருந்து ஒருத்தன் நெஞ்சில் குதித்தான். பின்னாலேயே ஒரு பெண் ஓடி வந்தாள். விசில் பறந்தது. நான் எஞ்சின் பக்கம் நின்றிருந்தேன். முன்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டது கேட்டது.

"இந்தப் புள்ள யாருடா, புதுசா இருக்கு?"

"அது அவந் தங்கச்சி. ஊருக்குப் போயிருந்துச்சு, இப்பத்தான் வருது."

சண்டை முடிந்ததும் அந்தத் தங்கச்சிக்கு அவன் தாலி கட்டினான். அதற்கும் கைதட்டினார்கள். வாரம் முழுக்கக் கொட்டகை நிறைந்தது. அந்த ஆறு நாளும் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து, பரிசல் என்ன ஆனது, அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அவர்கள் மேல் வந்த கோபத்தைவிட, ஒட்டிக் கொடுத்த என் கை மேல் அதிகமாக வந்தது.

பெட்டி போக வேண்டிய நாள் காலையில், நான் கழற்றி வைத்திருந்த அந்தக் கடைசி ரீலை வயல் வரப்புக்கு எடுத்துப் போய்ப் பிரித்துச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். தபால் தலை அளவே உள்ள படங்கள். முறம் நின்ற இடத்தைக் கண்டுபிடித்தேன். தலை நிமிர்கிறது. மூடிய உதடு. மறுபடி மூடிய உதடு. பிறகு லேசாகத் திறக்கிறது. ஒரு முழ நீளத்துக்கு அவள் பேசுகிறாள். அப்புறம் அவன் முகம். அழுகை நின்றிருக்கிறது, சிரிப்பும் இல்லை. அவள் உள்ளே போய்விடுகிறாள். கதவு திறந்தே இருக்கிறது. அவன் முற்றத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். முடிந்தது.

படங்களுக்குப் பக்கத்தில் நூல் மாதிரி நெளிந்து நெளிந்து ஒரு கோடு ஓடியது. பல் துலக்கிக்கொண்டு வந்த ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார்.

"பேச்செல்லாம் அந்தக் கோட்டுலதாண்டா இருக்கு. மிஷின்ல ஏத்தாம அது வாயத் தொறக்காது."

பெட்டியை எடுக்க வந்த படக் கம்பெனி ஆளிடம் கேட்டேன், அந்தப் பெண் கடைசியில் என்ன சொல்கிறாள் என்று.

"யாருக்குத் தெரியும்? போன ஊர்லயும் பாதியில அமத்திட்டாக. நானே இன்னும் கடைசி வரைக்கும் பாக்கல" என்றார். பெட்டியை பஸ் கூரையில் தூக்கிப் போட்டுக் கட்டினார்.

பத்து நாளில் நானும் கிளம்பிவிட்டேன். அடுத்த பத்து வருஷம் திண்டுக்கல், சேலம், ஓசூர் என்று எங்கெங்கோ வேலை பார்த்தேன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் போஸ்டரைப் பார்ப்பேன். பரிசல் படம் எங்கும் ஓடவில்லை. அந்த வைக்கோல் போர்ச் சண்டையை மட்டும் ஆறு ஊரில் பார்த்துவிட்டேன்.