தண்ணீரில்லாத காட்டுக்கு ஒரு தூண்டில்

வலது கையில் தூண்டில் கோல், இடது கையில் வெள்ளை பிளாஸ்டிக் வாளி. ஆகஸ்ட் பிறந்துவிட்டால் காலை ஏழு மணிக்கு ஆர்மஸ் கெம்பைனன் என் வீட்டைத் தாண்டி, சாலையைக் கடந்து, எதிரே இருக்கும் மரக் கம்பெனியின் காட்டுக்குள் இறங்குவார். அந்தக் காட்டில் குளமில்லை, ஓடையில்லை. மழை பெய்தால் லாரித் தடத்தில் கொஞ்சம் தேங்கும், அவ்வளவுதான்.

"என்ன பெரியவரே, இன்னிக்கு மீன் மாட்டுமா?"

"நேத்து ஒண்ணு தப்பிச்சிருச்சுப்பா. மரத்துல ஏறிருச்சு" என்பார், சிரிக்காமல்.

அமெரிக்காவின் வடக்கே, மேல் மிச்சிகனில் முழு நிலவரி கட்டிக் காடு வைத்திருப்பது கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகாது. அரசாங்கம் வரியைக் குறைக்கிறது. பதிலுக்கு, வேட்டைக்கும் மீனுக்கும் நடந்து வருகிறவர்களைக் கம்பெனி தடுக்கக் கூடாது. பழம் பறிப்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல் கிடையாது. ஊரில் யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை, ஆர்மஸின் மனைவி ஹெல்மியைத் தவிர. கவுன்ட்டி நிர்வாக அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்தவர். விதியை மீற மனம் வராது, காட்டில் காய்க்கும் புளூபெர்ரிப் பழத்தைக் கைவிடவும் மனம் வராது. அதனால்தான் தூண்டில். ஹெல்மி கோலோடு முன்னே போவார், ஆர்மஸ் வாளியோடு பின்னே. வருடா வருடம் இருவரும் மீன்பிடி உரிமம் வேறு வாங்குவார்கள். நூலில் முள் மட்டும் கிடையாது. "முள்ளு இருந்தா யாரையாவது குத்திரும்" என்பார் ஹெல்மி.

ஒருமுறை கம்பெனியின் வன அதிகாரி டெனிஸ் வழிமறித்தாள். "இங்க ஏதும்மா மீனு?"

"மீன் பிடிக்க வர்றவங்களத்தான் சட்டம் விடச் சொல்லுது. பிடிச்சுக் காட்டணும்னு எங்கயும் சொல்லல" என்றாராம் ஹெல்மி. அன்றிலிருந்து டெனிஸ் வீட்டுக்கும் ஒரு ஜாடி ஜாம் போகும்.

ஹெல்மி போய் ஆறு வருடமாகிறது. இப்போது கோல், வாளி இரண்டையும் ஆர்மஸே சுமக்கிறார். தொப்பியில் தன் உரிமச் சீட்டோடு ஹெல்மியின் கடைசிச் சீட்டையும் குத்தியிருக்கிறார். பறிக்கும்போது கோலைத் தரையில் போட மாட்டார். ஒரு பைன் மரக் கவட்டில் சாய்ப்பார். "கீழ போட்டா திட்டுவா." வாளி நிறையும்வரை ஒரு பழம் வாயில் படாது. ஜாம் அவரே காய்ச்சுகிறார், கொஞ்சம் கருகலாக. எனக்குத் தந்த ஜாடியை மறுவாரமே வந்து கேட்பார். "கழுவிக் குடு. மூடி எங்க? மூடி இல்லாம எனக்கெதுக்கு ஜாடி?"

போன இலையுதிர் காலத்தில் காடு கைமாறியது. புதிய கம்பெனி வரிச் சலுகை வேண்டாமென்று, விலகுவதற்கான அபராதத்தைக் கட்டிவிட்டு, காட்டை அந்தத் திட்டத்திலிருந்து விலக்கிக்கொண்டது. விடுமுறை வீடுகளுக்கு மனை போடப் போகிறார்களாம். சொல்ல டெனிஸே வந்தாள்.

"இந்த வருஷத்தோட சரி பெரியவரே. அப்புறம் தூண்டில் இருந்தாலும் விட மாட்டாங்க."

"ஹெல்மி பறிக்கிற எடம்?"

 எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது? அவர்கள் நிலம், அவர்கள் வரி. அவர்கள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

இந்த ஆகஸ்டில் காட்டு வாசலில் மஞ்சள் இரும்புத் தடுப்பும் பூட்டும் 'உள்ளே வரக் கூடாது' என்ற பலகையும் வந்துவிட்டன. முதல் தேதி காலை ஏழு மணிக்கு ஆர்மஸ் வழக்கம்போல வந்தார். கோல், வாளி, தொப்பி எல்லாம் அப்படியே. தடுப்பின் முன் நின்றார். உள்ளே பத்தடியில் முதல் புதர், நீலமாகக் காய்த்துக் கிடந்தது. நான் சாலையைக் கடந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"குனிஞ்சு போயிருங்க. எல்லாரும் அப்படித்தான் போறாங்க. யாரு பாக்கப் போறா?"

"ஹெல்மி பாப்பா."

கோலைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசினார். நான் பார்த்து அவர் தூண்டில் வீசியது அதுவே முதல் தடவை. முள்ளில்லாத நூல் தடுப்பைத் தாண்டிப் போய்ப் புதரின் மேல் விழுந்தது. ஆர்மஸ் வாளியைச் சாலையோரத்தில் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து, கோலைப் பிடித்தபடி காத்திருந்தார்.