ஓட்டியது மிஸஸ் என்று சொன்னேன்

மராட்டி பேசுகிற சிஞ்ச்வடில், எங்கள் குடியிருப்பில் நான் காரை வெளியே எடுக்கும்போதெல்லாம் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துகொண்டே, "அங்கிள், ஆஜ் காக்கூ நஹி?" என்று கேட்பார், இன்றைக்குக் காக்கூ வரவில்லையா என்று. காக்கூ என்றால் என் மனைவி செல்லத்தாய். சித்தி, அத்தை முறையில் இருக்கிற எல்லாரையும் இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் கட்டடத்தில் அது காக்கூவின் வண்டி. நான் அதை அவ்வப்போது வாங்கிப்போகிற ஆள். நம் கோவில்பட்டிப் பக்கத்தில் வண்டி யார் பேரில் இருந்தாலும், வீட்டு ஆம்பளை பேரைச் சொல்லித்தானே அடையாளம் காட்டுவார்கள்? இங்கே வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

நான் யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நிறுத்தியவன். பத்தொன்பது வயதில் ஒரு மஞ்சப்பையோடு வந்து, இங்கே பக்கத்தில் போசரியில் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சீவல் அள்ளினேன். இன்றைக்கு அதே போசரியில் சொந்தப் பட்டறை, நாலு மெஷின். பட்டம் வாங்கிய இன்ஜினியர்கள் டிராயிங்கை விரித்துக்கொண்டு என் முன்னால் நிற்கிறார்கள். டெம்போவில் லோடு ஏற்றிக்கொண்டு ஒற்றை ஆளாய்க் கோவில்பட்டி வரை ஓட்டியிருக்கிறேன், ஒரு கீறல் கிடையாது. "பெண்டாட்டிக்குக் கார் வாங்கிக் கொடுத்தேன்" என்று கல்யாண வீடுகளில் சொல்லியும் இருக்கிறேன். அது பொய். செல்லத்தாய் இட்லி மாவு அரைத்து, பக்கத்துச் சாங்வி வரைக்கும் நம் ஐ.டி. பிள்ளைகளுக்கு விற்று, அவளே வாங்கிய வண்டி அது. ஐம்பத்திரண்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்டாள். "உனக்கு எதுக்குட்டி இந்த வேலை?" என்று அன்றைக்குச் சிரித்தவன் நான்தான்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சந்தில் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி நின்றது. பின்னால் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தேன். இடது பக்கக் கதவு டப்பாவைத் திறந்ததுபோல் கிழிந்தது. யாருக்கும் காயமில்லை. பார்த்தது என் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் மட்டும். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன்.

மறுநாள் சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வந்தார். மராட்டிக்காரர், என் மகன் வயது. என் லைசன்ஸை வாங்கிப் பார்த்தவர் நிமிர்ந்தார். "அங்கிள், ஏ தோ தீன் சால் பெஹலே கதம் ஹோ கயா." மூன்று வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன லைசன்ஸ். "காடி மிஸஸ் கா ஹை, இன்சூரன்ஸ் சாலூ ஹை" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் வாதாடினேன், வண்டி மனைவியுடையது, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது என்று. அவர் பொறுமையாகச் சொன்னார்: இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான், மனைவி வண்டியைப் புருஷன் ஓட்டலாம், பிள்ளை ஓட்டலாம், டிரைவர் ஓட்டலாம், தடையில்லை; ஆனால் ஓட்டுகிறவன் கையில் உயிரோடு ஒரு லைசன்ஸ் இருக்க வேண்டும்.

அது ஏன் முடிந்துபோனது என்பதையும் சொல்ல வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை எல்லாம் எப்போதோ இந்த ஊர் விலாசத்துக்கு மாறிவிட்டன. லைசன்ஸை மட்டும் நான் மாற்றவில்லை. இருபத்திரண்டு வயதில் ஊருக்குப் போயிருந்தபோது எடுத்தது. அதில்தான் அப்பா பேரும் எங்கள் தெருப் பேரும் இருந்தன. அந்த வீட்டை விற்றாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஊருக்குப் போய்த்தான் புதுப்பிப்பேன். இங்கேயே மாற்றிக்கொள்ளச் சொன்ன நண்பர்களிடம், "நான் தமிழ்நாட்டு லைசன்ஸ்காரன்யா" என்று மார்தட்டுவேன். கடைசித் தடவை ஆர்டர் நெருக்கடி. அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். மூன்று பொங்கல் போய்விட்டது.

சர்வேயர் பேப்பரைப் புரட்டியபடி, "மிஸஸ் கே பாஸ் லைசன்ஸ் ஹை?" என்றார். இருக்கிறது என்றேன். என் லைசன்ஸை என்னிடமே திருப்பித் தந்தார். பிறகு, முதல் தடவை கேட்பதுபோல, "தோ, காடி கௌன் சலா ரஹா தா?" என்றார். யார் ஓட்டியது? எனக்கு யோசிக்கக்கூட நேரம் வேண்டியிருக்கவில்லை. "மிஸஸ்" என்றேன்.

சாயங்காலம் இன்சூரன்ஸ் பாரத்தை நீட்டியதும் செல்லத்தாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். அவள் எட்டு வரை படித்தவள்.

"நான் ஓட்டுனேன்னு போட்டிருக்கு?"

"ஒரு கையெழுத்துதான. போட்டுட்டுப் போவியா."

"நான் மாவு ஊத்திக்கிட்டு இருந்தேன் அன்னைக்கு."

"அது இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரியுமாக்கும்?"

அவள் கையெழுத்துப் போட்டாள். அதோடு நிறுத்தியிருந்தால்கூட ஏதோ காகிதக் குற்றம் என்று இருந்திருக்கும். கம்பெனியிலிருந்து ஆள் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்தால் கதை ஒன்றாக இருக்க வேண்டுமே என்று, லிஃப்ட் அருகே வண்டி எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் நானே சொல்ல ஆரம்பித்தேன். எதிர்வீட்டு ஜோஷி அம்மாளும் இன்னும் இரண்டு பேரும் நின்றிருந்த இடத்தில், வாய்க்கொழுப்பு அடங்காமல், "மே சலாதா தோ ஐஸா ஹோதா க்யா?" என்று சேர்த்தும் சொன்னேன். நான் ஓட்டியிருந்தால் இப்படி ஆகுமா என்று. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தார்கள். மாவு வாளியோடு செல்லத்தாய் நின்றிருந்தாள். அவளும் சிரித்தாள்.

வண்டி திரும்பி வந்தது, புதுக் கதவோடு. வியாழக்கிழமைதோறும் ஜோஷி அம்மாளின் வீட்டுக்காரரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது செல்லத்தாய்தான். மூன்று வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. அந்த வியாழக்கிழமை அவள் சாவியோடு கீழே போய், ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்தாள். அவர்கள் மகன் டாக்ஸி ஏற்பாடு செய்துவிட்டானாம். காக்கூவுக்கு வயசாகிறது, சிரமம் வேண்டாம் என்றானாம். சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் சாங்விக்கு மாவை ஆட்டோவில் கொண்டுபோனாள். அதற்கு மறுநாளும். "வண்டி என்னட்டி ஆச்சு?" என்றேன். "எனக்கு வயசாகுதுல்ல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

பத்து நாள் பொறுத்தேன். பிறகு சர்வேயருக்குப் போன் போட்டேன். "காடி மே சலாயா" என்றேன், வண்டியை ஓட்டியது நான் என்று. "அங்கிள், க்ளைம் ஜாயேகா" என்றார், இன்சூரன்ஸ் பணம் போய்விடும் என்று. போகட்டும் என்றேன். கதவுக்கு நானே கட்டினேன். அது ஒன்றும் பெரிய வீரம் இல்லை. எதிர்வீட்டு மணியை அடித்ததுதான் கஷ்டம். ஜோஷி அம்மாள் கதவைத் திறந்ததும், பட்டறையிலிருந்து வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த மராட்டியில், "மீ சாலவத் ஹோதோ, காக்கூ நாஹி" என்றேன். நான்தான் ஓட்டினேன், அவள் இல்லை. உள்ளே நாற்காலியில் இருந்த அவர் வீட்டுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்வி: "மக காக்கூ கா நாஹி போல்லி?" அப்படியென்றால் காக்கூ ஏன் வாயைத் திறக்கவில்லை?

அடுத்த வியாழன் ஜோஷி அம்மாளே வந்து, வண்டியை எடுக்கச் சொல்லிச் செல்லத்தாயைக் கூட்டிப்போனார். என்னோடு அவள் இன்னும் சரியாகப் பேசவில்லை.

லைசன்ஸ் முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் புதிதாக டெஸ்ட் கொடுக்க வேண்டுமாம். அறுபத்தைந்து வயதில் இந்த ஊர் ஆபீஸில், காதில் கம்மல் போட்ட பையன்களோடு வரிசையில் நின்று, பழகுநர் உரிமம் வாங்கியிருக்கிறேன். பக்கத்தில் லைசன்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருந்தால்தான் நான் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லத்தாய் இடது பக்கம் ஏறி உட்காருகிறாள். முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' ஒட்டியது அவள்தான். சட்டைப்பையில் பழையது, புதியது இரண்டு லைசன்ஸும் இருக்கின்றன. ஒன்றில் நான் கோவில்பட்டிக்காரன், அது செல்லாது. இன்னொன்றில் சிஞ்ச்வட்காரன், ஆனால் இன்னும் பழகுகிறவன்.

"கண்ணாடியப் பாருங்க" என்கிறாள் அவள், ரோட்டைப் பார்த்தபடி. பார்க்கிறேன்.