குணசேகரன் அண்ணனும் ஒரு மங்கல் நட்சத்திரமும்

குணசேகரன் அண்ணன் போயிட்டாரு.

காலையில அவர் நம்பர்ல இருந்து கால். "சொல்லுங்கண்ணா"ன்னு எடுத்தேன். பேசினது அவர் சம்சாரம் மல்லிகா அக்கா. தூக்கத்துலயே... ஹார்ட்டாம்.

இங்க நிறைய பேருக்கு அவரைத் தெரியாது. நான் கள்ளக்குறிச்சியில செல்போன் டவர் மெயின்டனன்ஸ் கம்பெனி ஒண்ணுல வேலை பாத்தேன். கல்வராயன் மலையில இருக்கற டவர் மேல எல்லாம் ஏறி ரிப்பேர் பாக்கறது அண்ணன்தான்.

நான் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி. எந்த டவர் டவுன்னு அவருக்குச் சொல்லணும். அவர் சரிபண்ணிட்டுக் கூப்பிட்டா கம்ப்ளெய்ன்ட்ட க்ளோஸ் பண்ணணும்.

மூஞ்சி பாத்துக்கிட்டது கம்மி. குரல்தான் ஜாஸ்தி.

என்னைவிட ரொம்பப் பெரியவர். "மேடம்னு கூப்பிடாதீங்கண்ணா"ன்னு சொன்னா, "சரிங்க மேடம்"பார்.

வெள்ளிமலை பக்கம் வேலை முடியறதுக்குள்ள இருட்டிடும். கீழ இறங்கி ஜீப்புக்குக் காத்துக்கினு இருக்கறப்பதான் எனக்குப் போன் பண்ணுவார். ஒருநாள் எல்லாம் பேசி முடிச்சிட்டு, "இன்னிக்கும் இருக்குது மேடம்"னார்.

இன்னாண்ணா இருக்குதுன்னு கேட்டேன்.

ஒரு நட்சத்திரம். ரொம்ப ரொம்ப மங்கல். போன்ல ஸ்கை மேப் ஆப் ஒண்ணு போட்டுக் கண்டுபுடிச்சிருக்கார். 61 சிக்னியாம். பேருகூட சரியா இல்ல பாவம், நம்பர்தான்.

"ஒண்ணு இல்ல மேடம், அது ரெண்டு. ஒண்ண ஒண்ணு சுத்திக்கினே இருக்குதாம். ஒரு சுத்து சுத்த அறுநூறு வருஷத்துக்கு மேல ஆவுதாம். நம்ம கண்ணுக்கு ஒரே புள்ளி."

"அவ்ளோ பெரிய வானத்துல உங்களுக்கு இதுதான் கெடச்சுதாண்ணா?"

"பளிச்சுனு இருக்கறத எல்லாரும் பாக்கறாங்க. இதயும் யாராச்சும் பாக்கணும் இல்ல..."

அதுல இருந்து எனக்கும் அதைப் பாக்கணும்னு ஆசை. கள்ளக்குறிச்சியில எங்க தெரியும்? பஸ் ஸ்டாண்டு ஹைமாஸ் லைட்டு ஒண்ணே போதும், பாதி வானம் காலி.

ஒரு ஐப்பசியில காத்தும் மழையுமா அடிச்சு டவுன் முழுக்க கரண்ட் போச்சு. சாயந்தரம் மழை விட்டதும் அண்ணன் சேராப்பட்டுல இருந்து கூப்பிட்டார். "ஒடனே மொட்டமாடிக்குப் போங்க மேடம்."

போனேன். கள்ளக்குறிச்சிக்கு மேல அவ்ளோ நட்சத்திரம் இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரியும்.

"வடக்கால பாருங்க. சிலுவை மாதிரி தெரியுதா? பளிச்சுனு ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கிழக்குக் கையில ஒண்ணு. மூணும் ஒரு சாஞ்ச சதுரத்தோட மூணு மூலைன்னு வெச்சுக்கோங்க. நாலாவது மூலையில பாருங்க."

"அங்க காலியா இருக்கேண்ணா..."

"நேரா மொறைக்காதீங்க. கொஞ்சம் தள்ளிப் பாருங்க. அதுவா வரும்."

வந்துச்சு. உப்புத்தூள் அளவுக்கு.

அப்புறம் டவர்ல பேட்டரி தீந்து கால் கட் ஆயிடுச்சு. அதுக்கும் நான்தான் கம்ப்ளெய்ன்ட் போட்டேன்.

அடுத்த புரட்டாசி. "மேடம், கொஞ்ச நாளா அதக் காணோம்."

"மேகமா இருக்கும்ண்ணா."

"மேகம் இல்ல. பக்கத்துல இருக்கறதெல்லாம் இருக்குது. கண்ணுதான் மேடம்."

சக்கரை இருந்துச்சு அவருக்கு. ரெண்டு கண்ணுலயும் புரை ஆரம்பம். பகல்ல எல்லாம் நல்லாத்தான் தெரியும். டவர் ஏறறவங்களுக்கு கம்பெனி வெக்கற மெடிக்கல் செக்கப்புக்கு இன்னும் டைம் இருக்கு, அதுவரைக்கும் வாயத் தொறக்காதன்னு கூட வேலை பாத்தவங்க எல்லாரும் சொன்னாங்க. அவர் பொண்ணு அப்ப நர்சிங் கடைசி வருஷம், ஃபீஸ் கட்டணும்.

மறுநாளே சூப்பர்வைசர்கிட்ட அவரே போய்ச் சொல்லிட்டார்.

"நான் மேல இருக்கேன், கீழ ஆளுங்க நிக்கறாங்க மேடம். கண்ணு ஏமாத்தி ஒரு ஸ்பேனர் நழுவுனா யார் தலையில வுழும்?"

அன்னியோட ஏறறது நின்னுபோச்சு. உளுந்தூர்பேட்டையில ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தற வேலை குடுத்தாங்க. திரும்ப ஏற விடுவாங்களான்னு யாரும் சொல்லல. ஹைவே வெளிச்சத்துல அண்ணாந்து பாத்தா ஒண்ணுமே இருக்காது. போன்ல பேச்சே கொறைஞ்சிடுச்சு அவருக்கு.

ஐப்பசியில ஆபரேஷன். ஒரு கண்ணு, அப்புறம் இன்னொண்ணு.

கார்த்திகையில ஒரு சாயந்தரம் போன். லீவு போட்டுட்டு, மல்லிகா அக்காவையும் கூட்டிக்கினு, பஸ் புடிச்சு வெள்ளிமலைக்குப் போயிருக்கார்.

"மேடம்."

"சொல்லுங்கண்ணா."

"இருக்குது."

பின்னாடி அக்கா குரல். "எங்க, எனக்கு ஒண்ணும் தெரியலியே..." அவர், "நேரா பாக்காத மல்லிகா, தள்ளிப் பாரு"ங்கறார். கொஞ்ச நேரம் கழிச்சு அக்கா, "ஆங், தெரியுது தெரியுது"ன்னாங்க. அண்ணன் சிரிச்சார் பாருங்க... அந்தச் சிரிப்பு நல்லா ஞாபகம் இருக்கு.

தை மாசம் டெஸ்ட் எல்லாம் பாஸ் பண்ணி மறுபடியும் டவர் ஏறினார். நான் கல்யாணமாகி சென்னை வந்தப்புறமும் போன் மட்டும் நிக்கல.

இன்னிக்கு தியாகதுருகம் பக்கத்துல அவர் வூட்டுக்குப் போயிருந்தேன். மலையில இருந்து டவர் ஆளுங்க எல்லாம் யூனிபார்மோடயே வந்திருந்தாங்க. பொண்ணு இப்ப சேலத்துல நர்ஸ். அழுதுக்கினே வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்துக்கினு இருந்தா.

எல்லாம் முடிஞ்சு கெளம்பறப்போ அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க.

"அன்னிக்கு மலையில எனக்கும் தெரியுதுன்னு சொன்னேன் இல்லம்மா... தெரியல. ஒண்ணுமே தெரியல. அவரு அவ்ளோ ஆசையா காட்னாரு."

கூட உக்காந்துட்டேன். கடைசி பஸ் போயிடும்னு அவங்கதான் எழுப்பி அனுப்பினாங்க.

பஸ்ல இருந்துதான் இத எழுதறேன். வெளிய தூறல்.

வரேன்ண்ணா.