பூசைக்கு அடித்த கறுப்புப் பெயின்ட்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் எனக்கு ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் கராஜ் இருந்தது. இரண்டாயிரங்களின் கடைசி வருஷங்களைச் சொல்கிறேன். நட்டு போல்ட்டோடு மாரடித்து உடம்பு அலுத்துப்போயிருந்த காலம். குளிரில் விரல் மடங்காது; வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் அறை எடுத்திருந்தார். பழைய ஜப்பான் பைக் ஒன்றில் விடியவே போய், பாடசாலை தொடங்குமுன் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் காசு வாங்காமல் வகுப்பு எடுப்பார். பஸ்ஸை நம்பினால் அந்த வகுப்பு கிடையாது. பரீட்சை டிசம்பரில். அந்த வகுப்பில் என் மகளும் இருந்தாள். கணக்கில் தவறிவிட்டால் அவளும் கொழுந்துக்கூடை தூக்க வேண்டியதுதான் என்ற பயம் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

பைக் ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று சேரின் தம்பி கனடாவிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். தீப்பெட்டி அளவுதான். புகைக்குழாயில் இருக்கும் ஒக்சிஜன் சென்சரின் வயரில் அதை மாட்டினால் எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் போகும். மாட்டினேன். அதன் கறுப்பு வயரை ஏர்த்துக்காக, மின்சாரம் இரும்பு வழியே திரும்பிப் போக, சீட்டுக்குக் கீழே பிரேமில் போல்ட் போட்டு முறுக்கினேன். கெட்டிக்காரத்தனமாக சென்சர் வயரின் பழைய பிளக்கை வெட்டியும் எறிந்தேன்; பெட்டியைக் கழற்றிவிட்டு ஓட்ட இனி வழியில்லை. இரண்டு மாதம் பைக் நன்றாக ஓடியது.

ஆயுத பூசை வந்தது. எங்கள் ஆட்களுக்கு அன்றைக்கு எந்த மெஷினும் பழைய நிறத்தில் இருக்கக் கூடாது. புதுப் பெயின்ட் அடித்துத்தான் சந்தனம், குங்குமம் வைப்போம். சேரின் பைக்கையும் கழுவி, சீட்டையும் வயர்களையும் கழற்றி, பிரேம் முழுக்கக் கறுப்பு அடித்து, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி மாலையும் போட்டேன்.

அடுத்த கிழமையே பைக் ஏற்றத்தில் இருமி நின்றது. பெட்ரோல் சரியில்லை என்றேன். பிறகு ஸ்பார்க் பிளக் என்றேன். கடைசியில் பெட்டியின் மேல் பழியைப் போட்டேன்.

"வெளிநாட்டுச் சாமான் சேர். நம்ம குளிருக்கு ஒத்துக்காதுங்க."

"கனடாவிலயும் குளிர்தானே தம்பி," என்றார் அவர். முகத்தில் சிரிப்பில்லை. பஸ்ஸுக்கு நடந்தார்.

வீட்டில் மகள் தினமும் அதையே சொன்னாள். "இன்னைக்கும் சேர் காலைல வரலப்பா." எனக்கு எரிச்சல் வந்தது. அவள்மேல் இல்லை.

பைக் நின்று, பாடசாலை நாட்களில் ஒன்பதாம் நாள், வேறு வழியில்லாமல் டெஸ்ட் பல்பை எடுத்தேன். ஒரு முனையைப் பெட்டரியின் பிளஸ்ஸிலும் மற்றதைப் பெட்டியின் கறுப்பு வயரிலும் வைத்தேன். பல்பு மினுங்கி மினுங்கி அணைந்தது; ஏர்த்து சரியாகப் பிடிக்கவில்லை. போல்ட்டைக் கழற்றினால் வயருக்கும் இரும்புக்கும் நடுவில் என் பூசைப் பெயின்ட் மின்சாரத்தை மறித்துக்கொண்டு பளபளவென்று இருந்தது. அரத்தாளால் இரும்பு தெரியச் சுரண்டி முறுக்கினேன். பைக் இருமாமல் ஏற்றம் ஏறியது.

சேரிடம் மறைக்கவில்லை. சொல்லிவிட்டேன். அவர் பெயின்ட் தூள் கிடந்த தரையைப் பார்த்தார். "சரி, விடும்," என்று மட்டும் சொல்லிப் பைக்கை எடுத்துப் போனார்.

மறுநாள் சாயங்காலம் மகள் சந்தோஷமாக வந்தாள். "சேர் வந்துட்டாருப்பா. அந்தப் பெட்டியில பெரிய பழுதாம், நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு கிளாஸ்ல சொன்னாரு."

அதோடு விட்டிருக்கலாம். முடியவில்லை.

"பெட்டியில பழுதில்ல. பூசைக்கு நான் அடிச்ச பெயின்ட்தான்."

அவள் கணக்குக் கொப்பியைத் திறந்து, காலை வகுப்பு நடக்காத நாட்கள் என்று பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்த திகதிகளை விரலால் எண்ணினாள்.

"ஒம்பது நாளுப்பா," என்றாள்.