அப்பா தின்ற கரும்பு

உக்குவளைச் சந்தையிலிருந்து அப்பா ஒரு முழுக் கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். யார்மீது என்பதுதான் வயதாக ஆக மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார். வெற்றிலையும் புகையிலையும் அடக்கி வைக்கும் இடது கன்னத்துக்குள் ஒரு புண் வந்து, மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, கன்னத்துக்குக் கரண்ட் வைக்க, அதாவது கதிர் பாய்ச்ச வேண்டும், அதற்கு முன்னால் பல்லையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும், அடுத்த திங்கட்கிழமை வந்து தங்குங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகளான எங்களிடம் வீட்டில் பல்வலி என்று மட்டும் சொன்னார்கள். புற்றுநோய் என்ற சொல்லைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பெரியவர்களே வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘அந்த நோவு’ என்பார்கள்.

அப்பாவின் பல் சாதாரணப் பல் அல்ல. சோடாப் போத்தலைக் கடித்தே திறப்பார். கரும்பைப் பல்லால் உரித்து, தான் ஒரு கடி கடித்துப் பார்த்து, இனித்தால்தான் எனக்கும் தம்பிக்கும் தருவார். கொய்யாப்பழமும் அப்படித்தான், முறுக்கும் அப்படித்தான். அவர் கடித்துத் தராத எதுவும் எங்களுக்கு ருசித்ததில்லை.

அந்த வாரம் யட்டவத்தையிலிருந்து அத்தை வந்தார். அப்பாவுக்கு மூத்தவர், அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சுக் கிடையாது. வந்ததும் அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்தார்.

“புள்ளைங்கள கிட்ட விடாத. இது ஒட்டிக்கும்” என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

பல்வலி எப்படி ஒட்டும் என்று கேட்டேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. அப்பா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் வாசல் பக்கமாகத் தனியே போட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கரும்போடு கச்சான், வறுத்த கடலை, முறுக்கு எல்லாம் வாங்கி வந்திருந்தார். எல்லாமே கடக்குமுடக்கென்று கடிக்க வேண்டியவை. வாசற்படியில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தார். வலது பக்கமாகவே மென்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது; நிறுத்தவில்லை. நான் வழக்கம்போல முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

“ஒனக்கு அம்மா வெட்டித் தருவாங்க, போ” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அம்மா கத்தியால் வெட்டிய துண்டுகளைக் கொண்டுவந்தார். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. பெற்ற பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்க, ஒரு மனிதர் தான் மட்டும் தின்பாரா? பொறுக்க முடியாமல், அவர் கடித்துக்கொண்டிருந்த துண்டைப் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன்.

அத்தை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். அத்தை என்னை நெருங்குவதற்குள் அப்பா பிடித்துக்கொண்டார். காப்பாற்றத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

“துப்பு தாயி, துப்பிரு.”

நான் பற்களை இறுக்கிக்கொண்டேன். அப்பா என் தாடையை அழுத்தித் திறந்து, விரலை உள்ளே விட்டு, கரும்பை நார் நாராக எடுத்துப் போட்டார். பிறகு மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கு இழுத்துப் போய், பிடித்த தண்ணீரில் உப்புப் போட்டு வாய் கொப்பளிக்க வைத்தார். லயமே பார்த்துக்கொண்டு நின்றது. திருடியைப் பிடித்த மாதிரி என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

மறுநாள் விடிந்ததும் எங்களை அத்தையிடம் விட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் பஸ் ஏறினார்கள். சண்டைக் காலம் அது; வழியில் ராணுவத்தார் எத்தனை இடத்தில் இறக்கிச் சோதிப்பார்களோ என்று அப்பாவின் அடையாள அட்டையை அம்மா அவர் சட்டைப் பையிலேயே வைத்து ஊசி குத்திவிட்டார். அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை.

சில நாள் கழித்து அம்மா மட்டும் திரும்பி வந்தார். வந்த வேகத்தில், பையைக்கூட இறக்கி வைக்காமல் அத்தை முன்னால் நின்றார். அம்மா அப்படிக் குரலை உயர்த்தி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

“பல்லு புடுங்குறதுக்கு முந்தி, ஏதாச்சும் கேக்கணுமானு டாக்டரு கேட்டாரு மதினி. ஒங்க தம்பி ஒன்னே ஒன்னுதான் கேட்டாரு. ‘எம் மக என் எச்சிக் கரும்பத் தின்னுருச்சுங்க, அதுக்கும் வருமா?’ன்னு. டாக்டருக்கு வந்துச்சே கோவம்! ஒட்டாதாம் மதினி. ஒட்டவே ஒட்டாதாம்.”

அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்பா பல்லில்லாமல், ஒரு பக்கம் கறுத்துப்போன கன்னத்தோடு திரும்பி வந்தார். குழைந்த சோறும் கஞ்சியுமாக என் கலியாணம் வரைக்கும் இருந்தார். பல்லைப் பிடுங்குவோம் என்று சொல்லி அனுப்பியவர்கள், இது ஒட்டாது என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் இப்போது என் கோபம்.

அம்மா வந்து சொன்ன அன்றைக்கு எனக்கு அப்பா மேல்தான் புதிதாகக் கோபம் மூண்டது. ஒட்டுமா என்பதைக் கரும்பு வாங்குவதற்கு முன்பே கேட்டுத் தொலைத்திருக்கலாமே! இனி வாயில் ஒரு பல் மிஞ்சாது என்று தெரிந்து வைத்திருந்த மனிதருக்கு, அந்த டாக்டரிடம் கேட்க வேறு என்னென்ன இருந்திருக்கும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.