நாலு தறிக்கு மேலே ஒரு ஃபேடர்

மவுஸால் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்து, ஒரு பாட்டின் சத்தத்தை ஏற்றி இறக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நமநமக்கும். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். குரல் தாழ்கிற இடத்தில் ஒரு புள்ளி, உயர்கிற இடத்தில் இன்னொரு புள்ளி. பாட்டு முடிவதற்குள் திரையில் கரண்டுக் கம்பம் நட்ட மாதிரி வரிசையாக நிற்கும். கேட்டால் தப்பு சொல்ல முடியாது. உயிர் மட்டும் இருக்காது.

அதனால்தான் சேலத்தில் ஒரு மேடைக் கச்சேரிக் குழு கலைந்தபோது, அவர்களிடமிருந்த பழைய கன்ட்ரோலரை வாங்கி வந்தேன். எட்டு ஃபேடர் பதித்த தட்டு. ஃபேடர் என்றால் வேறொன்றுமில்லை, விரலால் தள்ளுகிற குமிழ்தான். மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். இதில் ஒவ்வொரு குமிழுக்கும் அடியில் ஒரு குட்டி மோட்டார் உண்டு. பாட்டை ஓடவிட்டு நான் தள்ளுவதையெல்லாம் கணினி பதிந்துவைத்துக்கொள்ளும். மறுபடி ஓடவிட்டால், நான் தொடாமலே குமிழ் அதே இடத்தில் ஏறும், அதே இடத்தில் இறங்கும்.

எங்கள் பட்டறையில் தறி ஓட்டுகிற அக்கா முதன்முதலில் இதைப் பார்த்தபோது இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"ஏஞ்சாமி, கை வெக்காமயே போகுது? காத்துக்கருப்பு ஏதாச்சும் ஏறிக்கிச்சா?"

"மோட்டாருங்கக்கா."

"எங்க தறியிலயுந்தான் மோட்டாரு இருக்குது. என்ற கை இல்லாம அது ஒரு முழம் ஓடுமா?"

இந்த அக்காவின் குரலைத்தான் அந்த வாரம் முழுக்க என் விரலில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

எங்கள் வீடு பள்ளிபாளையத்தில். கீழே அப்பாவின் பட்டறை, நாலு தறி. பகலில் நாலையும் ஓட்டுவது அக்கா ஒருவர்தான். மேலே இருக்கிற அறை என் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்று நான்தான் சொல்லிக்கொள்வேன். அப்பா அதை இன்னும் நூல் ரூம் என்றுதான் சொல்வார். இன்ஜினியரிங் முடித்துவிட்டு இதில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவருக்கு இன்றுவரை செரிக்காத விஷயம்.

அக்கா மூன்று வருடமாகக் கும்மிக் குழுவில் ஆடுகிறார். சொல்லித்தரும் வாத்தியாருக்கு ஊர் மல்லசமுத்திரம் பக்கம். வாரத்தில் இரண்டு நாள் பொழுது சாய எங்கள் ஊருக்கு வந்து பழக்குவார். வழக்கமாக மேடையில் அவரே பாடிவிடுவார். வரப்போகிற அரங்கேற்றத்தில் ஒரே ஒரு பாட்டு மட்டும் பெண் குரலில் பதிவு செய்து ஓடவிடலாம் என்று நினைத்தார். அதற்கு ஈரோட்டில் முறையாகப் பாட்டுப் படித்த ஒரு பெண்ணையும் பேசி வைத்திருந்தார். நடுவில் புகுந்தது நான். நூல் சுற்றிய தாரை மாற்றிக்கொண்டே அக்கா பாடுவதை மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டவன் நான். "நம்ம அக்காவைப் பாட வெச்சுப் பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டேன்.

பதிவு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அன்று தறிகளுக்கு ஓய்வு. மைக்கை நட்டு, முன்னால் அக்காவை நிறுத்தினேன். நின்றார். ஆனால் பாட்டு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் ஏதோ வந்தது. கும்மியில் பாட்டையும் காலையும் தனித்தனியாக யாரும் கற்றுக்கொள்வதில்லை. முன்னால் இரண்டு அடி, குனிந்து ஒரு தட்டு, பின்னால் இரண்டு அடி, ஒரு திருப்பம் என்று காலோடு சேர்ந்துதான் வரி மனதில் ஏறுகிறது. காலைக் கட்டினால் குரலும் கட்டிப்போகிறது.

"நீங்க அடி வெச்சே பாடுங்கக்கா. மைக்குல எச்சுக் கம்மியா வாறதை நான் பாத்துக்கறேன்" என்றேன். மாடியில் அடி வைத்துப் பாடினார். பாட்டு அப்படி வந்தது. ஆனால் முன்னால் வரும்போது குரல் மைக்கை இடித்தது, பின்னால் போகும்போது அடுத்த தெருவுக்குப் போனது.

பதிவுக்கு வந்திருந்த வாத்தியார் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கொரலு நல்ல கொரலுதானுங்க. ஆனா இது அலையுது தம்பி. சனிக்கெழம காலைல என்ற ஊட்டுக்குக் கொண்டாங்க. வார்த்தை ஒவ்வொண்ணும் நின்னுச்சுன்னா இவிங்களே இருக்கட்டும். இல்லீன்னா ஞாயித்துக்கெழம அந்த ஈரோட்டுப் புள்ளையை வரச் சொல்லிப்போடறேன்."

அவர் போன பிறகு அக்கா படியிறங்கப் போனவர் நின்று சொன்னார். "மூணு வருசமா கடைசி வட்டத்துலதானுங்க தம்பி ஆடறேன். மொகம் ஆருக்கும் தெரியாது. கொரலாச்சும் முன்னால நிக்கட்டும்னு பாக்கறேன்."

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்குமா?

திங்கட்கிழமை தொடங்கினேன். அக்கா பின்னால் போகிற இடத்தில் குமிழை மேலே தள்ள வேண்டும், முன்னால் வருகிற இடத்தில் இறக்க வேண்டும். நாலரை நிமிடப் பாட்டு. விரல் போகிற வழியைக் கணினி பதிகிற முறைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 'டச்' என்று வைத்தால் விரல் குமிழில் பட்டிருக்கும் வரைதான் பதியும். எடுத்தால் குமிழ் பழைய வழிக்குப் போய்விடும். 'ரைட்', அதாவது 'எழுது', என்று வைத்தால் தொட்டாலும் தொடாவிட்டாலும் பழையதை அழித்துக்கொண்டே போகும். இரண்டு நாள் மெனக்கெட்டு இழைத்ததை, புதன்கிழமை ரைட்டிலேயே பாட்டை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்க இறங்கிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் முழுப்பாட்டுக்கும் ஒரே நேர்கோடு. மொசைக் தரையில் உட்கார்ந்து என் தலையில் நானே நாலு போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் ஒன்று நடந்தது. திரையை அணைத்துவிட்டு, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, விரலை மட்டும் குமிழில் வைத்தேன். ஒரே மூச்சு. எங்கே தள்ளினேன், எங்கே இழுத்தேன் என்று யோசிக்கவேயில்லை. குரல் ஒரே இடத்தில், என் நெற்றிக்கு நேராக, அசையாமல் நின்றது. புது ஹெட்போன் அது. பின்பக்கம் திறந்த வகை. பாட்டைச் சரிபார்க்க அதுதான் உத்தமம் என்று இணையத்தில் சொல்லாத ஆள் இல்லை. ஆறேழு முறை ஓடவிட்டுப் பார்த்தேன். குமிழ் தானாக ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்கக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றியது.

சனிக்கிழமை காலையில் அக்கா அரை நாள் லீவு கேட்டார். "பாட்டுக்கெல்லாம் லீவா? பாவு நூலு முடியற நேரம் பாத்து?" என்று அப்பா என்னைத்தான் முறைத்தார். முறைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தறியண்டை அவரே போனார். அக்கா பஸ்ஸில் வந்தார். நான் லேப்டாப்பையும் கன்ட்ரோலரையும் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, திருச்செங்கோடு வழியாக வண்டியில் போனேன்.

வாத்தியார் வீடு மரவள்ளிக் காட்டுக்கு நடுவில். வாசலில் பழக்குவதற்கு வைத்திருக்கும் பெரிய ஸ்பீக்கர் பெட்டி. அதில் வயரைச் செருகிவிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

முதல் வரி நன்றாக இருந்தது. இரண்டாவது வரியில் குரல் காதைப் பிளந்தது. மூன்றாவதில் மறைந்தது. அப்புறம் திடீரென்று பாதி வார்த்தையில் மேலே குதித்தது. இரண்டாவது சரணம் வந்தபோது, தனியாகப் பதிந்து சேர்த்திருந்த பறையும் ஜால்ராவும் மட்டும் கேட்டன, பாட ஆளில்லை.

வாத்தியார் பொறுமையாக முடியும் வரை கேட்டார்.

"ஏனுங் தம்பி, இவிங்க பாடிக்கிட்டே கெணத்துல எறங்கி எறங்கி ஏறுனாங்களா?"

"எங்க ரூம்ல நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொல்லாத ஒலிப்பதிவுக்காரன் உலகத்தில் கிடையாது. அக்கா சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். வாத்தியார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஒரு நிமிசமுங்க, ஒரே நிமிசம்" என்று லேப்டாப்பைத் திருப்பினேன். திரையில் என் விரல் போன வழி கோடாக ஓடியது. மேடு, பள்ளம், மறுபடி மேடு. இதில் அக்காவின் அடிக்கு ஏற்ற சிறு நெளிவுகள் இருந்தன, இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றுக்கு மேல் வேறு ஏதோ ஒன்று பெரிது பெரிதாக ஏறி இறங்கியிருந்தது. பாட்டில் அதற்கு ஒரு காரணமும் இல்லை.

அக்கா குனிந்து பார்த்தார். "இது எப்பப் பண்ணுனீங்க தம்பி?"

"வெசாழக்கெழமைங்கக்கா. பதினொரு மணி இருக்கும்."

அக்கா வாய்க்குள் ஏதோ எண்ணிப் பார்த்தார். பிறகு திரையில் விரலை வைத்தார். "இங்க மூணாந்தறியில நூலு அந்துபோச்சு, நிறுத்துனேன். இங்க பக்கத்துத் தறியில தார் தீந்துது, அதும் நின்னுது. இந்தா, இங்க ரெண்டையும் ஓட்டிவுட்டேன். மறுக்கா நாலும் ஓடுது பாருங்க."

பார்த்தேன். இரண்டு தறி நின்ற இடத்தில் கோடு படியிறங்குவது போல இரண்டு தடவை இறங்கியிருந்தது. நாலும் ஓடிய இடத்தில் ஒரேயடியாக ஏறியிருந்தது.

தறிச் சத்தத்துக்கு மேல்தான் நான் பிறந்தேன், அதன் மேல்தான் தூங்கினேன், பரீட்சைக்குப் படித்தேன். அது எனக்குச் சத்தமே கிடையாது. திறந்த ஹெட்போன் வழியாக அது உள்ளே வந்திருக்கிறது. காது கவனிக்கவில்லை, விரல் கவனித்திருக்கிறது. தறி கூடினால் குரலைத் தள்ளி, தறி குறைந்தால் குரலை இழுத்து, பட்டறையோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அதற்கப்புறம் போட்டுப் பார்த்த ஆறேழு தடவையும் கீழே ஏதோ ஒன்று ஓடித்தான் இருந்தது. பெருமையில் மிதந்தவனுக்கு எது கேட்கும்?

"அப்ப என்ற கொரலை ஏத்தி எறக்குனது நானேதானா?" என்றார் அக்கா. சிரிப்பா வருத்தமா என்று தெரியாத ஒரு முகம்.

ஊருக்குத் திரும்பிப் போய்ச் சரிசெய்ய வழியில்லை. தறி ஓடும், அப்பா நிறுத்த மாட்டார். "இங்கயே மறுக்கா பண்ணிடறனுங்க" என்று வாத்தியாரிடம் கெஞ்சினேன். அவர் போனைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார்.

"காட்டுல தண்ணி பாயுது. மடை மாத்திட்டு வாரேன். அதுக்குள்ள முடிஞ்சாச் செரி."

பழைய கோடு முழுவதையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஹெட்போனைப் பையிலேயே விட்டுவிட்டு, ஸ்பீக்கர் பெட்டியிலிருந்தே கேட்டுக்கொண்டு தள்ளினேன். முதல் முறை விரல் பின்தங்கியது. குரல் தாழ்ந்தது காதில் விழுந்த பிறகு தள்ளினால் எப்போதும் அரை வார்த்தை தாமதம். இரண்டாம் முறை திரையில் குரலின் அலைவடிவத்தைப் பார்த்துத் தள்ளினேன். அது மவுஸ் வேலை மாதிரியே வந்தது. மடையில் மண்வெட்டி விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அக்கா, ஆடுங்க."

"என்னதுங்க?"

"அன்னைக்குப் பாடுனப்ப எப்படி அடி வெச்சீங்களோ அப்படியே. பாட வேண்டாம், ஆடுனாப் போதும்."

"இந்தச் சேலையிலயா? ஆரூட்டு வாசல்னு நெனச்சீங்க?" என்றார். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டார்.

திரை தெரியாதபடி லேப்டாப்பைப் பாதி சாய்த்துவிட்டு, கண்ணை அவருடைய காலில் வைத்தேன். பாட்டு ஓடியது. குதிகால் பின்னால் கிளம்பும்போதே என் விரல் மேலே கிளம்பியது. முன்னால் அடி எடுக்கும்போதே இறங்கத் தொடங்கியது. குரல் தாழ்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. நாலரை நிமிடம். முடிந்தபோது அக்காவுக்கு மூச்சு வாங்கியது, எனக்கும்தான். நான் ஒரு விரலைத்தான் அசைத்தேன், ஆனாலும் முதுகு நனைந்திருந்தது.

குமிழிலிருந்து கையை எடுத்து, மறுபடி ஓடவிட்டோம். குமிழ் தானாக நடந்தது. பாதிப் பாட்டில் வாத்தியார் வரப்பில் நிற்பதைப் பார்த்தேன். முழங்கால் வரை சேறு. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றார். வரவில்லை. முடிந்தும் வரவில்லை. "இன்னொருக்கா போடுங்க!" என்று கத்தினார். போட்டேன். முதுகைத் திருப்பிக்கொண்டு, காட்டின் மறுகோடிக்கு நடந்துகொண்டே கேட்டார்.

வாசலுக்கு வந்து கால் கழுவிய பிறகுதான் வாய் திறந்தார். "கோடி வரப்புலயும் வார்த்தை வார்த்தையா காதுல உழுந்துச்சுங்க." போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் தேடி வேப்பமரத்துப் பக்கம் போனார். "ஆமாங் கண்ணு... இல்லீங், நாளைக்கு வர வேண்டாம்... பாட ஆளு கெடச்சுட்டாங்க" என்பது இங்கே வரை கேட்டது. அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு முறை இடது காலை வலது செருப்பில் விட்டார்.

எனக்கோ உள்ளே ஒரு முள். மூன்றாவது சரணத்தின் கடைசி வரியில் குரல் கொஞ்சம் உள்ளே போகிறது. விரல் அங்கே அரைக்கணம் அசந்திருக்கிறது. டச்சில் வைத்து அந்த ஒரு வரியை மட்டும் தூக்கிவிட்டால் தீர்ந்தது. லேப்டாப்பைத் திறந்தேன், பாட்டை அந்த இடத்துக்குத் தள்ளினேன், விரல் குமிழுக்குப் போயேவிட்டது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க கை வெக்காதீங்க சாமி. அந்த எடத்துல நான் திரும்பறேன், கொரலும் கூடத் திரும்பட்டும். திரும்புனா முதுகுதான் தெரியும்."